மேட்டுக் கழனிக்குத் தண்ணீர் ஏறிய விதம்

உபாத்தியாயர் பயிற்சிப் பரீட்சையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. சிறு குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பினால் உண்டாகும் நன்மைகளை விவரிக்கவும் என்று. விரல்கள் பழகும், கண்ணளவு கூடும், பொறுமை வளரும், உழைப்பில் மதிப்பு உண்டாகும் என்று நாலு பக்கம் எழுதினேன். புஸ்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். பாஸும் ஆகிவிட்டேன். ஆனால் எழுதும்போதே கை ஓரிடத்தில் தயங்கி நின்றது. என் விஷயத்தில் கைவேலை வகுப்பினால் ஓர் ஏரியின் தண்ணீரே வழி மாறியது. அதைப் பரீட்சைத் தாளில் எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரே ஒரு கழனி. ஊர்ப் பள்ளிக்கூடம் மிஷன்காரர்கள் போட்டுக் கொடுத்த ஓலைக் கொட்டகை. எங்கள் வம்சத்திலேயே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். அவருக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். தம் மகனாவது சேற்றில் கால் வைக்காமல், நிழலில் உட்கார்ந்து பிழைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து உடம்பெல்லாம் களிமண்ணோடு வீடு திரும்பிய அன்று அவருக்கு வந்த கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

"இன்னாடா இது? மண்ணுல கை வைக்காம பொழைக்கட்டும்னுதானே உன்ன பள்ளிக்கூடம் அனுப்புறேன்? அங்கயும் மண்ணா? அதுக்கு எதுக்குடா வாத்தியாரம்மா? நானே கத்துக் குடுப்பேனே!"

வாத்தியாரம்மா புதிதாக வந்தவர். தினமும் பூவிருந்தவல்லியிலிருந்து மாட்டு வண்டியில் வருவார். வயது இருபதுக்கு மேல் இராது. குழந்தைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் வர்ணக் காகிதம் வந்தது. கத்தரித்தோம், மடித்தோம், ஒட்டினோம். ஒரே மாதத்தில் காகிதம் தீர்ந்துபோயிற்று. பிறகுதான் ஏரியில் தீராத அளவுக்குக் களிமண் இருப்பது அவர் கண்ணில் பட்டது.

மண்ணைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நான் செய்த முதல் மாங்காய் மறுநாள் காலையில் நாலாகப் பிளந்து கிடந்தது. ஏன் பிளந்தது என்று வாத்தியாரம்மா சொல்லவில்லை. "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிட்டார். கொஞ்சம் மணல் சேர்த்துப் பார்த்தேன், உதிர்ந்தது. உமி சேர்த்துப் பார்த்தேன்; பிடித்துக்கொண்டது. ஈரக்கையால் தட்டித் தட்டி நிழலில் காய வைத்தால் வெடிப்பே வராது என்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு காலம் என் காலடியில் கிடந்த மண் இத்தனை சங்கதிகளை ஒளித்து வைத்திருந்ததே என்று இருந்தது.

பொங்கலுக்கு முந்தின மாதம், வாத்தியாரம்மா ஒரு கண்காட்சி வைப்பதாகச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். நன்றாகச் செய்தவருக்கு ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் ஒன்று பரிசு. ஒரே ஒரு விதிதான் போட்டார்.

"கையால தொட்டுப் பாத்ததை மட்டும் செய்யுங்க. தொடாததை வைக்காதீங்க. தொட்டதை விட்டுடாதீங்க."

ஒருவன் கோழி செய்தான். ஒருத்தி உரலும் உலக்கையும் செய்தாள். ஆவடி ஸ்டேஷனில் ஒரு தடவை எஞ்சினைத் தொட்டுச் சூடு வாங்கியவன் எஞ்சின் செய்தான். நான் எங்கள் ஏரியைச் செய்வதென்று முடிவு கட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழற்றிப் போட்டிருந்த பழைய கதவு ஒன்று கிடந்தது. அதன்மேல் கரை கட்டினேன். சோளத்தட்டைச் சக்கையைச் சீவி மதகுக்கு அடைப்பு வைத்தேன். மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் இருபுறமும் கழனிகள். எந்தக் கழனி எவ்வளவு உயரம் என்பதை அளவுகோல் வைத்து அளக்கவில்லை. என் காலே அளவு. எங்கள் கழனியிலிருந்து பக்கத்துக் கழனிக்குப் போக முழங்கால் உயரம் குதிக்க வேண்டும். அங்கிருந்து அடுத்ததற்கு ஒரு சாண் இறக்கம். கடைசிக் கழனி வரை இப்படியே இறங்கிக்கொண்டு போகும். குதித்துக் குதித்துப் பழகிய கால் சொன்னதையெல்லாம் கை கேட்டுச் செய்தது.

அந்தக் கடைசிக் கழனி என் தாய்மாமனுடையது. அந்த வருஷம் அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நிலம் வெடித்துக் கிடந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சு.

ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுவது நீர்க்கட்டியின் வேலை. மதகைத் திறப்பதும் மூடுவதும், இன்றைக்கு யார் கழனி நாளைக்கு யார் கழனி என்று வாய்க்காலோடு நடந்து தண்ணீரைத் திருப்புவதும் அவர் பொறுப்பு. அதற்காக அறுவடையின்போது ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள். அதை வைத்துத்தான் அவர் வீட்டில் வருஷம் முழுவதும் உலை கொதிக்க வேண்டும்.

"நீர்க்கட்டி கையில பசை கீது மாப்ளே" என்றார் மாமா, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே. "தொறக்கிற தண்ணியில பாதி அவன் கையிலயே ஒட்டிக்கினு பூடுது."

"இருந்தாலும் இருக்கும் மச்சான்" என்றார் நைனா.

"உன் கழனி மட்டும் எப்டி மாப்ளே பச்சைப் பசேல்னு கீது?"

"மண்ணு ராசி."

"மண்ணு ராசியா, என் தங்கச்சி ராசியா?" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நைனா மட்டும் கை கழுவ எழுந்துபோனார்.

நீர்க்கட்டி ஒருநாள் எங்கள் தெருமுனை வரை வந்தார். அதற்கு மேல் அவர் வரமாட்டார். அது ஏன் என்று அப்போது நான் கேட்டதில்லை. "நான் மதகை முழுசா தொறக்கிறேன் ஆண்டே. கடைசி மடை வரைக்கும் நடந்துகினுதான் கீறேன். தண்ணி நடுவுல எங்க பூடுதுன்னு எனக்கே தெரியல" என்று அங்கிருந்தே கும்பிட்டார். யாரும் நம்பவில்லை. திங்கட்கிழமை கூட்டம் போட்டு அவரை நீக்கிவிடுவது, வேறு ஆளை வைப்பது என்று ஊரில் பேச்சு முடிந்துவிட்டது. எங்கள் கண்காட்சி அதற்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமை.

எனக்கோ வேறு ஒரு கவலை. என் மண் ஏரியில் தண்ணீர் ஊற்றி அடைப்பை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. பக்கத்துக் கழனியில் பாய்ந்தது. மாமா கழனியில் போய் நிறைந்தது. எங்கள் கழனியில் மட்டும் ஏறவே இல்லை. எப்படி ஏறும்? வாய்க்காலைவிட அது மேடு. எங்கள் முறை வரும் ஒரு நாள் வாய்க்காலைக் குறுக்கே அடைத்துப் பாய்ச்சினால் கொஞ்சம் ஏறும். மற்ற நாளெல்லாம் காய வேண்டியதுதான். ஆனால் நிஜக் கழனியில் கணுக்கால் அளவு தண்ணீர் எப்போதும் நிற்கிறதே! அப்படியானால் எங்கோ நான் தப்பாகச் செய்திருக்கிறேன். மூன்று தடவை கலைத்துக் கட்டினேன். மூன்று தடவையும் எங்கள் கழனி காய்ந்தே கிடந்தது.

"நம்ம கழனிக்கு எப்டி நைனா தண்ணி ஏறுது?"

"மண்ணு ராசிடா. போய்ப் படி."

ராசியை மண்ணில் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேரே போய்த் தொட்டுப் பார்ப்பதென்று கிளம்பினேன். மதகிலிருந்து வாய்க்காலோரமாகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். எங்கள் கழனிக்கு வெகுதூரம் மேலே, வாய்க்கால் வளையும் இடத்தில் ஒரு தாழம்புதர் உண்டு. அதன் அடியில், தண்ணீருக்குள், ஒரு பொந்து தட்டுப்பட்டது. முன்பே ஒருமுறை அங்கே கை விடப் போனபோது, நண்டு வளை, கையைக் கடிக்கும் என்று நைனா அதட்டியிருந்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுவிட்டேன். நண்டு கடிக்கவில்லை. உள்ளே வழவழவென்று வட்டமாக இருந்தது. கணு அறுத்த மூங்கில். தண்ணீர் என் விரல்களைப் பிடித்து உள்ளே இழுத்தது. யாரோ மறுபுறம் நின்று வா வா என்று கூப்பிடுகிற மாதிரி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாய்க்கால் மேலே இருக்கும் இடத்திலேயே தண்ணீரை எடுத்துவிட்டால், மண்ணுக்கு அடியில் சரிவாக வந்து மேட்டுக் கழனியிலும் ஏறிவிடும்! இதை யார் கண்டுபிடித்தார்களோ, எவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும்! ஓடிப்போய் ஆமணக்கு இலையின் காம்பை ஒடித்துக் குழாயாக வைத்து மண்ணால் மூடினேன். தண்ணீர் ஊற்றினேன். எங்கள் கழனியில் ஊற்று மாதிரி குபுகுபுவென்று பொங்கியது. வாத்தியாரம்மாவிடமும் சொல்லவில்லை. நைனா வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு சிறு குறை மட்டும் இருந்தது. இப்போது மாமா கழனிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினால் சரியாகிவிடும் என்று அதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஊரே வந்தது. மணியக்காரர் வந்தார், மாமா வந்தார். வாத்தியாரம்மா வீடு வீடாகப் போய் அழைத்திருந்ததால் நைனாவும் வந்து பின்னால் நின்றார். நீர்க்கட்டி வெளியே புளியமரத்தடியில் நின்றார். கோழியையும் உரலையும் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். என் கதவுப் பலகைக்கு வந்ததும் மணியக்காரர் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அட, நம்ம ஏரிடா! அந்தோ கீது பாரு மதகு!"

"என் கழனி எங்கடா?" என்றார் மாமா.

"கடைசியில மாமா. வரப்புல உங்க பனமரம்கூட வச்சிகிறேன்."

"எங்க, ஊத்து பாக்கலாம்."

ஒரு செம்புத் தண்ணீரை ஏரியில் ஊற்றி அடைப்பை எடுத்தேன். கூட்டம் ஆவென்று பார்த்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடி, வளைவில் கொஞ்சம் சுழித்து, எங்கள் கழனியில் பொங்கி, மற்றக் கழனிகளில் கொஞ்சம் கொஞ்சம் நனைத்துவிட்டு, மாமா கழனிக்கு ஒரு சாண் இருக்கும்போதே நின்றுபோயிற்று. எனக்கு மாமா முன்னால் வெட்கமாகிவிட்டது.

"இன்னொரு செம்பு ஊத்தினா உங்களுதுக்கும் வரும் மாமா."

"வேணாம்டா ராசா, அசல்ல அப்டியேதான் கீது!" என்று மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு முன்னால் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். மணியக்காரர் வளைவில் விரல் வைத்தார்.

"இங்க தண்ணி எங்கடா பூடுது?"

நான் பதில் சொல்லுமுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனா வந்துவிட்டார். "அது நண்டு வளை. பையன் விளையாட்டுக்குப் பண்ணிகிறான்" என்று குனிந்து, ஓர் உருண்டை மண்ணை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, பத்திரத்தில் ரேகை வைப்பது போல் பெருவிரலால் அழுத்தினார்.

நான் வீல் என்று அலறினேன். ஒரு மாதத்து வேலை! அதைவிட, நான் தொடாததை வைத்துவிட்டேன் என்று ஊரே நினைக்கப்போகிறது. "மூடாதே நைனா! அது நண்டு வளையில்ல, மூங்கிலு! தாழம்புதராண்ட கீது, நான் கைய வுட்டுப் பாத்தேன்! அத மூடினா நம்ம கழனிக்குத் தண்ணி ஏறாது நைனா!"

நைனா வைத்த மண்ணைத் திரும்ப எடுக்கப் போனார். மணியக்காரர் மெதுவாக, "மூடினது மூடினபடி இருக்கட்டும்" என்றார். "இப்ப ஊத்து."

அழுதுகொண்டே ஊற்றினேன். தண்ணீர் வளைவைத் தாண்டி நேராக ஓடியது. கடைசிக் கழனி நிறைந்தது. வரப்பைத் தாண்டி வழிந்து, என் சின்னப் பனைமரத்தைச் சாய்த்தது. எங்கள் கழனி காய்ந்து கிடந்தது. ஓட்டையை அடைத்த மண்ணில் நைனாவின் பெருவிரல் ரேகை சுருள் சுருளாக, தெளிவாக இருந்தது.

யாரும் பேசவில்லை. இவ்வளவு அமைதியாகப் பார்க்கிறார்களே, எவ்வளவு பிடித்திருக்க வேண்டும் என்று நான் அழுகையை நிறுத்திக்கொண்டேன். மாமா எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார். எங்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வாத்தியாரம்மா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார்.

"குடுங்க வாத்தியாரம்மா" என்றார் நைனா. "நல்லாத்தான் செஞ்சிகிறான்."

அன்றைக்கு வீட்டில் அடி விழவில்லை. ஏன் விழவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தால்தானே விழாததை நினைத்து ஆச்சரியப்பட? அம்மா மட்டும் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கைமண்ணைக் கழுவிவிட்டாள். கழுவிய பிறகும் என் விரல்களை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டா, நீயும் ஒரு கோழி செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

முந்தின வருஷம் எங்கள் கழனியில் விளைந்தது முக்கால்வாசி பதர். மேடாக இருந்த ஒரே குற்றத்துக்காக அது வருஷா வருஷம் காய்ந்தது. அதையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. நீர்க்கட்டியைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லையாம். தாழம்புதர் அடியிலிருந்து மூங்கில் பிடுங்கப்பட்டது. நைனாவுக்கு ஊர் வைத்த தண்டம், ஏரிக்கரையில் அரித்துப் போயிருந்த இடத்தை அமாவாசைக்குள் அடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. ஆள் வைக்கக் கூடாது. தன் கையால், தன் தலையில் மண் சுமந்து, ஊரார் போகிற வருகிற வேளையில் செய்ய வேண்டும்.

எனக்கு யாரும் தண்டம் என்று சொல்லவில்லை. நான் பார்த்தவரையில் விஷயம் வெகு தெளிவு. என் மண் ஏரியைப் பார்த்து ஊரார் மயங்கிப்போனார்கள். இவ்வளவு நன்றாகச் செய்யும் பிள்ளையின் வீட்டாரிடம் நிஜ ஏரியையே ஒப்படைப்போம் என்று தீர்மானித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் காலையில் நானும் ஒரு சின்னக் கூடையோடு கிளம்பிவிடுவேன். நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையோரம் ஏர் ஓட்டிக்கொண்டு போகிறவர்களையும், தண்ணீருக்குப் போகிற பெண்களையும், "எங்க ஏரியப் பாத்தீங்களா?" என்று நான் உரக்கக் கூப்பிடுவேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போடுவார்கள். நைனா கூடையைக் கொட்டிவிட்டு, அடுத்த கூடைக்கு இறங்கிப் போய்விடுவார்.

கடைசி நாள் என்று நினைக்கிறேன். கொட்டிய மண்ணை நைனா காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"அப்டியில்ல நைனா. மிதிச்சா வெடிச்சிப் பூடும். உமி கலந்து, ஈரக்கையால தட்டணும். இத பாரு."

ஆச்சரியம், அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் நனைத்து, நான் காட்டியபடியே தட்ட ஆரம்பித்தார். என் ஒரு கை அவர் உள்ளங்கையில் பாதிகூட இராது. ஆனாலும் என் தாளத்துக்கு ஏற்றபடி, நான் நிறுத்தினால் நிறுத்தி, தட்டினால் தட்டி, கெட்டிக்கார மாணவனாக வேலை செய்தார்.

அப்போது கரைமேல் நீர்க்கட்டி வந்தார். மதகைத் திறக்கப் போகிற வேளை. எங்களைக் கண்டதும் நின்றார். நாங்கள் இருந்த பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து, நடு ஏரியை எதற்கோ உற்றுப் பார்க்கத் தொடங்கினார். அங்கே ஒரு நாரைகூட இல்லை. நைனாவின் கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

ஊரே வந்து பார்த்த வேலையை, இத்தனை பக்கத்தில் நின்றும் இவர் பார்க்காமல் போவதா? எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா, திரும்பிப் பாக்கவே மாட்டேன்ற? எங்க நைனா எவ்ளோ நல்லா தட்டுறாரு, பாரு!"

"பாத்துகினுதான் கீறேன் சின்னாண்டே" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடியே. "நீங்க தட்டுங்க."

நாங்கள் கடைசிக் கூடையைத் தட்டி முடித்து, கை கழுவி, கரையை விட்டு இறங்குகிற வரையில் அவர் திரும்பவே இல்லை. பாவம், இவருக்குக் கைவேலையில் கொஞ்சங்கூட நாட்டமில்லை என்று நினைத்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.